துருவின் மேல் அடித்த பெயின்ட் நிற்காது

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்தச் சமயத்தில் கொட்டகை மூலையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வளைபலகைக் கலப்பை, டிராக்டரின் கேஜ் வீல், பம்புசெட்டின் அடிச்சட்டம் எல்லாம் துரு ஏறிக் கிடக்கும். "ஒரு டப்பா பெயின்ட் வாங்கி அடிச்சுட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்று நினைத்து அடித்தும் விடுகிறோம். ஆனால், அடுத்த ஐப்பசி மழைக்குள் அது பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. கடைக்காரர் மேல் கோபம் வருகிறது. பெரும்பாலும் குற்றம் பெயின்ட்டில் இல்லை. அதற்கு அடியில் இருக்கிறது.

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. துருவான இரும்பு, முன்னே அடைத்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் மேலே உள்ள பெயின்ட்டை அது நெம்பித் தள்ளிவிடும். உப்பு பட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும். பொட்டாஷ் உரமும் ஒரு வகை உப்புதான். உரம் தூவிய கருவியை அன்றைக்கே கழுவி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சுரண்ட ஆரம்பிக்கும் முன்னே முக்கியமான ஒரு எச்சரிக்கை. பழைய நாளில் இரும்புக்கு முதல் பூச்சாக ஈயம் கலந்த சிவப்புப் பூச்சு அடிப்பது வழக்கம். மேல் பெயின்ட்டிலும் ஈயம் சேர்ந்ததுண்டு. வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் உங்கள் கொட்டகையில் கிடக்கும் கலப்பை அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியதாக இருக்கலாம். ஈயம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால் பழைய பெயின்ட் எல்லாவற்றிலும் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஈயத்தூள் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மாட்டுக்கும் ஆபத்து. கன்றுக்குட்டி எதையும் நக்கிப் பார்க்கும் அல்லவா? ஈயம் வயிற்றுக்குள் போனால் கண் தெரியாமல் போகும், பல்லை நறநறவென்று கடிக்கும், தள்ளாடும், வலிப்பு வந்து செத்தும் போகும். எனவே தொழுவத்துக்குப் பக்கத்திலோ, பிள்ளைகள் விளையாடும் வாசலிலோ சுரண்ட வேண்டாம். தள்ளி ஓர் இடத்தில் பிளாஸ்டிக் தாள் விரித்து, பழைய பெயின்ட்டைத் தண்ணீரால் நனைத்து நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்காது. என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நெருப்புக் காட்டி உரிக்கவே கூடாது; அந்தப் புகையும் விஷம். சுரண்டிய பொருக்கைப் பைக்குள் கட்டி ஒதுக்குங்கள். எருக்குழியில் கொட்டாதீர்கள், வாய்க்காலில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் கைகால் கழுவி, துணியைத் தனியாகத் துவைத்த பிறகுதான் சாப்பாடு.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மண்ணும் கிரீஸும் போக வேண்டும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. பெட்ரோலால் கழுவுவது தீ விபத்துக்கு வழி, வேண்டாம்.

அடுத்து, சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தகடு ஓட்டையாக இருந்தாலோ, வெல்டிங் விரிசல் விட்டிருந்தாலோ, முதலில் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பற்ற வைக்கும் இடத்திலும் அதைச் சுற்றிலும் பழைய பெயின்ட்டை முன்னதாகவே சுரண்டி விடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு வெல்டிங் வைத்தால் அடித்தது கருகிப் போகும்.

பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள். உதிர்கிற துரு முழுவதும் போய், இரும்பு சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும். கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பெயின்ட்டை உரிக்க வேண்டியதில்லை. நனைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால் போதும். ஈரம் காய்ந்ததும், டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். "நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்று விட்டால் ராத்திரிப் பனியிலேயே புதுத் துரு பூத்துவிடும்.

ரெட் ஆக்ஸைடு பிரைமரை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். விளிம்பு, வெல்டிங் தழும்பு, போல்ட்டுத் தலை ஆகிய இடங்களில் முதலில் ஒரு தடவை பிரஷால் தடவிவிட்டு, அப்புறம் முழுவதும் அடியுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

நம்மில் பலர் செய்கிற தப்பு இனிமேல்தான். "ரெட் ஆக்ஸைடு அடிச்சாச்சு, போதும்" என்று அதோடு நிறுத்திவிடுகிறோம். பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அதன் வேலை இரும்பையும் மேல் பூச்சையும் பிடித்து வைப்பது. மழையைத் தடுப்பது எனாமல்தான். பிரைமர் காய்ந்ததும் நாள் கடத்தாமல் எனாமல் இரண்டு தடவை அடியுங்கள். மெல்லிசாக அடியுங்கள், கெட்டியாக அப்பினால் மேல் காய்ந்து, உள்ளே காயாமல் சுருங்கும். எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். வாங்கும்போது ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். காலைப் பனி விலகிய பிறகு அடிப்பது நல்லது. கை வைக்க முடியாமல் சுடுகிற இரும்பில் அடிக்கக்கூடாது.

பெயின்ட் படக்கூடாத இடங்களும் உண்டு. கலப்பையின் கொழுவும், மண் புரளும் வளைபலகை முகமும் பளபளப்பாக இருக்க வேண்டும். பெயின்ட் அடித்தால் மண் ஒட்டும். அங்கே கிரீஸ் தடவி வைத்தால் போதும். தண்டு, பேரிங், கிரீஸ் நிப்பிள் ஆகியவற்றைத் துணி சுற்றி மறையுங்கள். மோட்டார் பக்கம் வேலை செய்யுமுன் மின்சாரத்தை நிறுத்தி, ஃப்யூஸைக் கழற்றி விடுங்கள். ஜி.ஐ. தகரத்தில் எனாமலை நேரே அடித்தால் உரியும். அதற்கென்று தனி பிரைமர் கேட்டு வாங்குங்கள். குடிதண்ணீர்த் தொட்டி, தீவனத் தொட்டியின் உள்பக்கம் இந்தப் பெயின்ட்டே வேண்டாம். டர்பன்டைன், பெயின்ட் பட்ட துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

ஆகவே விவசாய நண்பர்களே, தேய்க்க இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. அடிக்க ஒரு நாள் போதும். தேய்க்கும் வேலையைச் சுருக்கினால் பெயின்ட் காசு மண்ணோடு போகும். தேய்த்த தூளை அலட்சியமாக விட்டால் போவது காசு மட்டும் இல்லை. நம் பிள்ளையும் கன்றும் அதே வாசலில்தான் இருக்கின்றன.