"இதுல பாதரசம் இருக்காமே சிஸ்டர்?"

எங்கள் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். முன்பெல்லாம் தாய்மார்கள் கேட்டது ஒன்றுதான்: காய்ச்சல் வருமா? இப்போது கைப்பேசியை நீட்டுகிறார்கள். "இதுல பாதரசம் இருக்காமே சிஸ்டர்? அலுமினியமும் இருக்காமே?" இந்தக் கேள்விக்கு எரிந்து விழுபவர்களை எனக்குப் பிடிக்காது. ஒன்றரை மாதப் பிள்ளையின் தொடையில் ஏறப்போகும் மருந்தில் என்ன இருக்கிறது என்று பெற்றவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

"ஆமாம்மா, இருக்கு" என்றுதான் தொடங்குவேன். மறைத்தால் அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்குமான பென்டா ஊசி அரை மில்லிதான். அதில் உள்ள அலுமினிய உப்பு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடுவதற்காகச் சேர்ப்பது. ஓர் ஊசியில் 1.25 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கக்கூடாது. மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது அது. தாய்ப்பாலிலும் சிறிது உண்டு. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடும்.

பாதரசக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஒரே குப்பியிலிருந்து பத்துக் குழந்தைகளுக்கு மருந்து எடுக்கிறோம். ஒவ்வொரு முறை ஊசி உள்ளே போகும்போதும் கிருமி நுழைய வழியுண்டு. அது வளராமலிருக்கச் சேர்ப்பது தயோமெர்சால். அதிலிருந்து வருவது எத்தில் பாதரசம். சில நாட்களிலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைந்து, மலத்தோடு போய்விடும். மீன் வழியாகச் சேர்வது மெத்தில் பாதரசம். அதில் பாதி குறையவே ஒன்றரை மாதம்போல் ஆகும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், உடம்பில் நடப்பது வேறு.

ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் பாதரசம் துளியும் கிடையாது. வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் அது. தயோமெர்சால் பட்டால் செத்துவிடும். ஆனால் 2017-ல் இந்த ஊசியைத் தமிழ்நாட்டில் 15 வயது வரையிலானவர்களுக்குப் போட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய பயம் கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டிசம் வரும் என்ற பேச்சின் வேர் 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளிவந்த ஆய்விலும் தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

தயோமெர்சால் போன்ற காப்பு மருந்து இல்லாததால், கரைத்த தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. கரைத்த நேரத்தைக் குப்பிமீதே எழுதிவைப்பேன். தாய்மார்கள் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை: எப்போது கரைத்தீர்கள்? குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தைவிட அது வெளிறியிருந்தால்தான் மருந்தைப் போடலாம். திறக்கும் முன் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது.

பென்டாவுக்குப் பிறகு காய்ச்சலும் தொடை வீக்கமும் வரலாம். ஓரிரு நாளில் அடங்கும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிகளில் ஒன்றுக்கு வருவது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். அதற்கான அட்ரினலின் மருந்து என் பெட்டியில் தயாராக இருக்கும். பேருந்து போய்விடும் என்று சொன்னாலும் அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான்.