பச்சோந்தி இறங்கும் மண்

தென்னாட்டு வேலிகளிலும் முட்புதர்களிலும், ஒரு கண்ணை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் சுழற்றியபடி, ஆடி ஆடி நிதானமாக அடியெடுத்து வைக்கும் பச்சோந்தி, ஆயுளின் பெரும்பகுதியை மரக்கிளையிலேயே கழித்துவிடும் பிராணியாயினும், பெட்டைக்கு மட்டும் மண்ணில்லாமல் தீராது. முட்டையிடும் பருவத்தில் அது கீழே இறங்கி, வளை தோண்டி, முட்டைகளையிட்டு மூடிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல மீண்டும் மரமேறிவிடும்.

நம் நாட்டு இனத்தை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருவதில்லை. அது நியாயமே என்பது என் அபிப்பிராயம். வளர்ப்போர் கைகளில் உலகெங்கும் பரவியிருப்பது, தலையில் உயர்ந்த முகடுடைய ஏமன் நாட்டுப் பச்சோந்தி. அதை வைத்திருக்கவும் இங்கே அரசாங்கப் பதிவு அவசியம்.

கிண்ணத்து ஜலத்தைப் பச்சோந்தி பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. இலையில் உருளும் துளிகளையே நக்கிக் குடிக்கும். ஆகவே கூண்டினுள் செடிகள்மேல் தினமும் நீர் தெளிக்க வேண்டும். அவ்வளவும் கடைசியில் மண்ணுக்குத்தான் வந்து சேர்கிறது. அடியில் கூழாங்கல் பரப்பிவிட்டால் நீர் தானே வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பௌதிக சாஸ்திரம் அதற்கு முழுச் சம்மதம் தருவதில்லை.

காஞ்சிபுரத்துச் சாயச்சாலைகளில், தொட்டியிலிருந்து எடுத்துக் கழியில் தொங்கவிட்ட பட்டு நூற்சிட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும்: மேற்பாகம் உலர்ந்த பிறகும் கீழ்நுனி நீர் கோத்துக் கனத்து நிற்கும். நூலிழைகளின் நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பற்றிக்கொள்வதே காரணம். பொடிமண்ணும் அப்படித்தான், தன் நுண்துளைகளில் பிடித்த நீரை, அகன்ற இடைவெளிகளையுடைய கல்லடுக்குக்கு லேசில் விட்டுக்கொடாமல், எல்லைக்கு மேலேயே ஒரு சேற்றுப்படலமாக நிறுத்தி வைக்கிறது. இப்படலத்தின் கனம் மண்ணின் தன்மையைப் பொறுத்ததேயன்றி ஆழத்தைப் பொறுத்ததன்று. களிமண்ணில் அது உயரமாகவும், பருமணலில் தாழ்ந்தும் நிற்கும். ஆதலால் கல்லைக் கூட்டுவதைவிட மண்ணின் ஆழத்தைக் கூட்டுவதே சிலாக்கியம்: ஒரு சாண் மண்ணில் முக்கால் பங்கைச் சேறு தின்றுவிடும் இடத்தில், ஒன்றரைச் சாண் மண்ணில் மேற்பாதி சுகமாக மூச்சுவிடும். கல்லடுக்கு வேண்டாமென்பதில்லை, கசிந்து இறங்கும் மிச்ச நீர் தங்க அது உதவும். ஆனால் அந்நீர் வெளியேற அடித்தட்டில் துவாரமும், துவாரத்தை நோக்கிச் சற்றுச் சரிவும் இல்லாவிட்டால், கல்லுக்கடியில் நாற்றமெடுக்கும் குட்டைதான் மிஞ்சும்.

வெறும் மணலும் உதவாது. உலர்ந்த மணலில் தோண்டிய வளை சரிந்துவிடும். சரிகிற மண்ணையோ சொதசொதத்த மண்ணையோ பெட்டை ஏற்பதில்லை. இடமின்றி முட்டைகளை வயிற்றிலேயே அடக்கி வைத்து அது மாண்டுபோவதுமுண்டு. ஆணைக் காணாத பெட்டையும் கருவற்ற முட்டைகளை இடுமாகையால், தனியே வளர்ப்பவருக்கும் இக்கவலையிலிருந்து விடுதலையில்லை.

கழுவிய ஆற்று மணலோடு செம்மண் கலந்து பயன்படுத்தலாம். ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டு வரக்கூடாது. விரலால் துளைத்தால் துளை இடியக்கூடாது. ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரம் சுமந்து வரும். அந்நாட்களில் தெளிப்பைக் குறைத்து, கூண்டின் பக்கங்களைக் கண்ணாடியாக அல்லாமல் வலையாக வைத்துக் காற்றோட்டம் தருவது நலம்.