ஒரு க்ளிக்குக்கு எத்தனை ரூபாய்?

பொங்கல் விடுமுறைக்குக் கும்பகோணம் போயிருந்தேன். "நம்ம கடைப் பேரு கூகுள்ல மேல வரணும்னா என்னப்பா பண்ணணும்?" என்று மாமா கேட்டார். நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை வாங்கி விற்கும் சின்னக் கடை அவருடையது. கடைக்கு வெப்சைட் ஒன்றும் உண்டு. அரை மணி நேரத்தில் கூகுள் ஆட்ஸ் கணக்கு ஒன்றைத் திறந்து, ஒரு நாளைக்கு 250 ரூபாய் என்று போட்டுவிட்டு, பெருமையாகப் பஸ் ஏறிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "மாப்ளே, 3,000 ரூபா போயிடுச்சு. ஒரு விளக்குகூடப் போகலை."

தப்பு என்னுடையதுதான். படிவத்தில் கேட்ட இரண்டு எண்களையும் யோசிக்காமல் கையாண்டேன். ஒன்று பிட், அதாவது ஒரு க்ளிக்குக்கு நாம் தரத் தயாராக இருக்கும் தொகை. இன்னொன்று பட்ஜெட், ஒரு நாளைக்குச் செலவழிக்கும் தொகை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிலிருந்தே புடவையோ ஊறுகாயோ விற்கலாம் என்று நினைப்பவர்கள் பலரும் என்றாவது இந்தப் படிவத்தின் முன்னால் உட்காரப் போகிறீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏலம் எப்படி நடக்கிறது?

கூகுளில் ஏதாவது தேடினால், விடைகளுக்கு மேலே சில சமயம் 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்புடன் சில வரிகள் வருகின்றன அல்லவா? அவை விளம்பரங்கள். அவற்றைப் பார்ப்பதற்குக் காசில்லை. யாராவது க்ளிக் செய்தால்தான் விளம்பரதாரரின் கணக்கில் பணம் கழியும். எந்த விளம்பரம் மேலே வரவேண்டும் என்பதற்கு, ஒவ்வொரு தேடலின்போதும் ஒரு ஏலம் நடக்கிறது. நீங்கள் என்டர் தட்டிய நொடியில் தொடங்கி, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இந்த முறையைப் பிரபலமாக்கியது கூகுள் அல்ல. 1998ல் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடூ.காம் தளம்தான். அங்கே அதிகம் கேட்டவருக்கு முதலிடம். கேட்ட தொகையை அப்படியே கட்டவேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு கடைக்காரர்கள் ஒருவருக்கு மேல் ஒருவர் ஒவ்வொரு சென்ட்டாக ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர் 'கட்டாது' என்று இறங்கிவிடுவார். உடனே மற்றவரும் இறங்குவார். மறுநாள் பழையபடி ஏற்றம் தொடங்கும். கோடூ பின்னர் ஓவர்சூர் என்று பெயர் மாறி, 2003ல் யாஹூவிடம் போய்ச் சேர்ந்தது.

2000ல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002ல் அதில் க்ளிக் ஏலத்தைக் கொண்டுவந்தபோது இரண்டு மாற்றங்களைச் செய்தது. (2018ல் பெயர் கூகுள் ஆட்ஸ் ஆனது.) முதல் மாற்றம், நீங்கள் சொன்ன தொகையை முழுதாகக் கட்டவேண்டாம். உங்களுக்கு அடுத்து நிற்பவரைத் தாண்டுவதற்குத் தேவையான அளவு கட்டினால் போதும். இரண்டாவது, தொகை மட்டும் பார்ப்பதில்லை. விளம்பரத்தின் தரமும் சேரும். தேடியவர் இதைக் க்ளிக் செய்வாரா, கேட்டதற்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் உண்டா, க்ளிக் செய்தால் திறக்கும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பவைதான் தரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 'அ' கடைக்காரர் 20 ரூபாய் கேட்கிறார், அவர் தரம் 4. 'ஆ' கடைக்காரர் 12 ரூபாய்தான் கேட்கிறார், ஆனால் தரம் 8. பெருக்கினால் 'அ'வுக்கு 80, 'ஆ'வுக்கு 96. எனவே குறைவாகக் கேட்ட 'ஆ'தான் மேலே. அவர் கட்டுவது 12 ரூபாயும் அல்ல. 80ஐத் தாண்டினால் போதும் என்பதால், 80ஐ 8ஆல் வகுத்தால் வரும் 10 ரூபாய்க்கு ஒரு பிசிறு மேலே, அவ்வளவுதான். இன்றைய ஏலத்தில் தேடுபவரின் ஊர், நேரம், கையில் இருப்பது செல்போனா கம்ப்யூட்டரா என்று இன்னும் பல சேர்கின்றன. போட்டிக்கு யாருமே இல்லாவிட்டாலும் தாண்டவேண்டிய ஒரு குறைந்தபட்சக் கோடும் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான். ஆகவே பணத்தைக் கூட்டுவதற்கு முன், விளம்பர வரிகளைச் சரிசெய்து பாருங்கள். அதற்குச் செலவில்லை.

பிட் எவ்வளவு வைப்பது?

பலரும் பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று விசாரிக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை. அவருடைய லாபம் வேறு, உங்களுடையது வேறு. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்.

மாமாவின் விளக்கு 4,500 ரூபாய். கொள்முதல், பாலிஷ், பேக்கிங், கூரியர் எல்லாம் போக அவர் கையில் நிற்பது 900. முந்தைய மூன்று மாதத்தில் வெப்சைட்டுக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை, வந்த ஆர்டர்களால் வகுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 50 பேர் வந்தால் ஒருவர் வாங்குகிறார். அப்படியானால் 50 க்ளிக்குக்கு 900 ரூபாய். ஒரு க்ளிக்குக்கு 18.

இங்கே ஜி.எஸ்.டி.யை மறந்துவிடாதீர்கள். விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் வரி உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத சிறு வியாபாரிக்கு அது செலவுதான். ஆகவே 18ஐ 1.18ஆல் வகுத்தால், 15 ரூபாய் 25 பைசா. இதைத் தாண்டினால் ஒவ்வொரு விளக்குக்கும் மாமா கைக்காசைப் போட்டு விற்கிறார் என்று அர்த்தம். அவரும் ஏதாவது சம்பாதிக்க வேண்டுமே! 10 ரூபாய் என்று வைத்தோம். வரியோடு 11.80. ஒரு விளக்கு விற்க 590 ரூபாய் செலவு, மீதி 310.

இதைக் கணக்கில் எப்படிப் பதிவது? பிட்டிங் பகுதியில் 'மேக்சிமைஸ் க்ளிக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், க்ளிக் ஒன்றுக்கு உச்சவரம்பு வைக்கும் கட்டம் ஒன்று கிடைக்கும். அதை டிக் செய்து உங்கள் எண்ணை டைப் செய்திடுங்கள். நான் முதல் தடவை அதைக் காலியாக விட்டேன். காலியாக விட்டால், பட்ஜெட்டுக்குள் எந்த க்ளிக்குக்கு எவ்வளவு என்பதை சிஸ்டமே முடிவு செய்யும். தானாகவே விற்பனைக்கு ஏற்ப பிட் செய்யும் முறைகளும் உள்ளன. ஆனால் யார் வாங்கினார் என்ற தகவல் ஓரளவு சேர்ந்த பிறகுதான் அவை ஒழுங்காக வேலை செய்யும். புதுக்கணக்கில் அந்தத் தகவல் ஏது?

பட்ஜெட் என்பது சராசரி

மாமாவுக்கு வந்த இன்னொரு கோபம், "250 தானே சொன்னே, ஒரு நாள் 480 எடுத்திருக்கே?" என்பது. அதில் தவறேதும் இல்லை. நாம் தருவது ஒரு நாளின் சராசரிதான். தேடல் அதிகமுள்ள நாளில் அதைப்போல் இரு மடங்கு வரை செலவாகலாம். மந்தமான நாளில் குறையும். ஒரு மாதத்துக்கு, அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. (365ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள், 30.4 எங்கிருந்து வந்தது என்று தெரியும்.) ஆகவே நாளைக்கு 100 ரூபாய் என்றால் ஒரே நாளில் 200 போகலாம், மாதத்தில் 3,040க்கு மேல் போகாது. வரி தனி. அந்த மாதத் தொகையைப் பார்த்து உங்களுக்கு மனம் பதறினால், நாள் தொகையைக் குறையுங்கள். முன்பணம் கட்டும் வசதி உங்கள் கணக்கில் இருந்தால் இன்னும் நிம்மதி. கட்டிய பணம் தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும். அதில் 1,000 ரூபாய் கட்டினால் வரி போகச் சுமார் 847 ரூபாய்தான் விளம்பரத்துக்கு.

சரி, எவ்வளவு பணம் ஒதுக்கினால் இந்த வியாபாரம் கட்டுமா கட்டாதா என்று தெரியும்? இதை விளக்கமாகவே சொல்கிறேன். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். 50க்கு ஒருவர் வாங்குவார் என்பதால், 50 க்ளிக் வந்ததும் ஒரு ஆர்டர் விழுந்தே தீரும் என்றில்லை. ஒவ்வொரு க்ளிக்கிலும் வாங்காமல் போக 98 சதவீத வாய்ப்பு. 0.98ஐ 50 முறை பெருக்கினால் 0.36. அதாவது எல்லாம் சரியாக இருந்தும், 50 க்ளிக்கில் ஒரு விளக்குகூட விற்காமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு! அதே 150 க்ளிக் வரை பொறுத்தால் இது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். 150 க்ளிக்கிலும் ஒன்றும் விற்கவில்லை என்றால்தான் பொருளிலோ விலையிலோ பக்கத்திலோ கோளாறு என்று சொல்லலாம்.

150 க்ளிக்கை 11.80ஆல் பெருக்குங்கள். 1,770 ரூபாய். இது போனாலும் வீட்டுச் செலவு இடிக்காது என்றால் மட்டும் ஆரம்பியுங்கள். இடிக்கும் என்றால், நாளைக்கு 20 ரூபாய் போட்டு மெதுவாகப் பார்க்கலாமே என்றும் யோசிக்காதீர்கள். மொத்தத் தொகை அதேதான், நாள்தான் நீளும்.

அந்த 3,000 எங்கே போனது?

கணக்கில் 'சர்ச் டேர்ம்ஸ்' என்று ஒரு அறிக்கை இருக்கிறது. மக்கள் எதை டைப் செய்தபோது நம் விளம்பரம் வந்தது என்பதைப் பெருமளவு காட்டும். திறந்து பார்த்தால், 'குத்துவிளக்கு பூஜை பாடல்', 'குத்துவிளக்கு கோலம்', 'குத்துவிளக்கு படம்', 'குத்துவிளக்கு ஏற்றும் முறை'! கோலம் போட வந்தவர் விளக்கு வாங்குவாரா? நான் 'குத்துவிளக்கு' என்ற ஒரே சொல்லை எந்தக் குறியும் இல்லாமல் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் அதோடு தொடர்புள்ள எல்லாத் தேடல்களுக்கும் விளம்பரம் வரும். மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்கள்; சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் இன்னும் நெருக்கமானவை. இப்போது "குத்துவிளக்கு விலை", "பித்தளை குத்துவிளக்கு வாங்க" போன்றவற்றை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறோம். பாடல், கோலம், படம், பூஜை, போற்றி ஆகிய சொற்களை 'நெகட்டிவ் கீவேர்ட்ஸ்' பட்டியலில் சேர்த்துவிட்டோம். அந்தச் சொற்கள் வரும் தேடலுக்கு விளம்பரம் வராது.

இன்னும் இரண்டு டிக். ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், அந்த ஊரில் 'இருப்பவர்கள் அல்லது அதில் ஆர்வம் காட்டியவர்கள்' என்பதுதான் முதலிலேயே தேர்வாகி இருக்கும். எங்கோ இருந்து கும்பகோணம் கோயில்களைத் தேடுபவரும் அதில் அடக்கம். 'இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றுங்கள். 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' என்ற டிக்கையும் ஆரம்பத்தில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேடாதவர்களுக்கும், வேறு தளங்களில் உங்கள் விளம்பரம் போகும்.

'ரெகமண்டேஷன்ஸ்' பக்கத்தில் பட்ஜெட்டை உயர்த்து, புதுச் சொற்களைச் சேர் என்று யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். படியுங்கள், சில நல்லவையும் உண்டு. ஆனால் ஒரு விளக்கில் மாமாவுக்கு நிற்பது 900 ரூபாய் என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தை நான் கேட்டிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. மாமா தினமும் காலையில் கடை திறந்ததும் கூகுளில் குத்துவிளக்கு என்று தேடி, தன் விளம்பரத்தைத் தானே க்ளிக் செய்து, சைட் திறக்கிறதா என்று பார்த்து வந்திருக்கிறார்! செல்லாத க்ளிக்குகளை வடிகட்டும் ஏற்பாடு கூகுளிடம் இருக்கிறது. அதை நம்பி இப்படிச் செய்யக்கூடாது. விளம்பரம் வருகிறதா என்று பார்க்க, கணக்குக்குள்ளேயே 'ஆட் ப்ரிவ்யூ' என்ற வசதி இருக்கிறது. அதில் பார்த்தால் காசு கழியாது.

ஆடி கழிந்ததும் இந்தத் திருத்தங்களோடு நாளைக்கு 100 ரூபாய் என்று மறுபடி ஆரம்பித்தோம். இதுவரை 212 க்ளிக், சராசரி 8 ரூபாய் 40 பைசா, வரியோடு சுமார் 2,100 ரூபாய் செலவு. ஐந்து விளக்கு விற்றிருக்கிறது. 4,500 ரூபாயில் செலவு போக 2,400 மிச்சம். முதலில் விட்ட 3,000 இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

கார்த்திகை வருகிறதே, போட்டி கூடும், உச்சவரம்பை 12 ஆக்கலாமா என்று நேற்று மாமா கேட்டார். இப்போது ஏறக்குறைய 42 க்ளிக்குக்கு ஒரு விளக்கு. எல்லா க்ளிக்கும் 12 ரூபாய் ஆனால் வரியோடு ஒரு விளக்குக்கு 600 செலவு, 300 மிச்சம். "300 போதும் மாப்ளே, அந்த மாசம் சரக்கு நகரணும்" என்றார். தீபம் முடிந்த மறுநாளே 10க்கு இறக்கிவிட வேண்டும் என்று கடைக் காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.