மருந்தின் விலையும் நோயின் விலையும்

மருந்துக் கடையில் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன விலை?" என்பதே. ஆனால் கடைக்காரர் சொல்லும் தொகை மட்டும்தானா ஒரு சிகிச்சையின் செலவு? சற்றுச் சிந்திப்போம்.

கந்தர்வகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூலித் தொழிலாளி ஒருவர் வைத்தியத்திற்காகப் புதுக்கோட்டைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மருந்துக்கு 100 ரூபாய். பேருந்தில் போகவர 60 ரூபாய். அன்று இழந்த கூலி 400 ரூபாய். ஆக மொத்தம் 560 ரூபாய். இதில் மருந்தின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை! மருந்துக்கும் பயணத்துக்கும் கையிலிருந்து கொடுப்பது நேரடிச் செலவு. வராமற்போன கூலி மறைமுகச் செலவு. இரண்டையும் கூட்டினால்தான் கணக்குச் சரியாகும்.

செலவு தராசின் ஒரு தட்டு என்றால், பலன் மறு தட்டு. எத்தனை பேர் குணமடைந்தனர்? நோய் திரும்ப வந்ததா? இவற்றைப் பார்க்க வேண்டும். இரு சிகிச்சைகளின் பலன் சமமானால் செலவு குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். பலனில் வேறுபாடு இருந்தால், கூடுதல் பலனுக்காக எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று கணக்கிட வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. காசநோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்று ஒரு காலத்தில் நம்பினர். ஆனால் நோயாளிகளோ ஏராளம். படுக்கைகளோ மிகக் குறைவு. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்து பணியாற்றின.

அங்கே ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் சிகிச்சை. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டன. 1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவே. இருந்தும் வேறுபாடு சிறியதுதான். அவர்களுடைய குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

92 பெரிதா, 86 பெரிதா என்று கேட்டால், 92 என்றே சொல்வோம். ஆனால் சானடோரியத்தில் இடம் கிடைக்காமல் வாசலோடு திரும்பியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒருவரை ஓராண்டு படுக்கையில் வைத்துக் காக்கும் செலவில், வீட்டிலேயே பலருக்கு மருந்து கொடுக்கலாம் அல்லவா? இவ்வாறு பணத்தை எங்கே செலவிட்டால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று பார்ப்பதே இக்கணக்கின் நோக்கம். உயிருக்கு விலை பேசுவது அன்று. இந்த ஆய்வுக்குப் பின் வீட்டுச் சிகிச்சை முறை உலகின் பல நாடுகளிலும் பரவியது. அன்றைய மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னையில் இயங்குகிறது.

இன்று சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்தது. மறைமுகச் செலவால் ஏழைக் குடும்பம் நொடிந்துவிடக் கூடாது என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது.

இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவோர் சிலர் உண்டு. அலைச்சல் மிச்சம் என்று எண்ணுகின்றனர். ஆனால் நோய் மீண்டும் தலைதூக்கலாம். கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறலாம். அப்போது சிகிச்சையும் கடினம், செலவும் பன்மடங்கு. பாதியில் நிறுத்திய மருந்தே எல்லாவற்றிலும் விலை உயர்ந்த மருந்து.

எனவே தோழியரே, நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ காசநோய்க்கு மருந்து உண்பவர் இருந்தால், "இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று அன்போடு கேட்போம். அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. அதனால் ஒரு குடும்பம் பிழைக்கலாம்.