பத்தமடைப் பாய்

நம் இல்லத் திருமணங்களில் மணமக்களின் பெயர் நெய்யப்பெற்ற பாய் ஒன்று இடம்பெறுவதை வாசகர் பலரும் கண்டிருப்பீர்கள். விருந்து முடிந்ததும் அது சுருட்டப்பெற்றுப் பரண்மேல் ஏறிவிடுகிறது. அதனை நெய்தவர் யார், எத்தனை நாள் நெய்தார் என்று வினவுவோர் மிகச் சிலரே.

நெல்லையிலிருந்து சேரன்மாதேவி செல்லும் சாலையில் அமைந்துள்ளது பத்தமடை. 1887இல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் இதுவே. இங்குப் பாய் நெய்வோர் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி. தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரைப்புல்லே இத்தொழிலுக்கு மூலப்பொருள்.

கோரையைப் பசுமையாகவே அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துகின்றனர். பின்னர் அதனைக் கட்டுக்கட்டாக ஓடும் நீரில் பல நாள் ஊறவிடுவர். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, மெல்லிய இழைகளாக வகிர்வர். சாதாரணப் பாய்க்குச் சற்றுத் தடித்த இழையே போதும். பட்டுப்பாய் எனப்படும் உயர்ந்த வகைக்கோ, இழை ஏறத்தாழ நூலளவு மெலிய வேண்டும். முற்காலத்தில் சிவப்பு நிறத்திற்குப் பதங்கக் கட்டையைக் கொதிக்கவைத்தனர். இந்நாளில் கடைச் சாயமே பெரும்பாலும் பயன்படுகிறது.

தறியென்று பெரிதாக ஒன்றுமில்லை. தரையோடு தரையாக மூங்கில்களில் பாவு நூலை இழுத்துக் கட்டி, குனிந்து அமர்ந்தே நெய்கின்றனர். துணித்தறியில் ஓடும் நாடா இங்கு ஓடாது. ஒவ்வோர் இழையையும் நீண்ட குச்சியின் முனையில் மாட்டிப் பாவினூடே செலுத்தி, அச்சினால் நெருக்க வேண்டும். இழையின் நெருக்கத்தைக் 'கவுண்ட்' என்னும் கணக்கால் குறிப்பர். 100 முதல் 140 கவுண்ட் வரை நெய்த பாயைத் துணியைப்போல் மடிக்கலாம். அத்தகைய பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். முதுகுவலி இத்தொழிலின் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம்.

1953இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிற்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் பெருமை அடுப்பில் உலை ஏற்றுமா? கரூர், முசிறிப் பக்கத்து இயந்திரக் கோரைப்பாயும், எங்கும் மலிந்த பிளாஸ்டிக் பாயும் விலையில் மிகக் குறைவு. விலை பேசுகின்ற நாமோ, இரண்டும் பாய்தானே என்கிறோம். ஒரு பட்டுப்பாயின் விலையை நெய்த நாள்களால் வகுத்துப் பார்த்தால், நாட்கூலி எவ்வளவு சிறுத்துவிடுகிறது! அக்கம்பக்கத்தில் பீடி சுற்றினால் வாரந்தோறும் பணம் கைக்கு வருகிறது. மகள் தறியடியில் அமர மறுத்தால் தாய் எங்ஙனம் வற்புறுத்துவாள்? நுண்பாய் நெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இல்லத்தரசியர்க்கு ஒரு குறிப்பு: பாயை நீரில் தோய்த்துத் துவைக்கலாகாது, ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். மழைக்காலத்தில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

பெயர் நெய்த பாய் வேண்டுவோர், கோவிலில் முதல் ஓலை வாசிக்கப்பெறும் முன்னரே, இயன்றால் நிச்சயதார்த்தத்தன்றே, நெய்பவரிடம் சொல்லிவிடுதல் நன்று. மூன்றாம் ஓலைக்குப்பின் பத்தமடைக்கு விரைவோருக்குக் கிடைப்பது, யாருடைய பெயரும் இல்லாத பாய்தான்.