பெங்களூரில் தேவாங்கு: மரக்கணக்கும் கிளைத்தொடர்ச்சியும்

தமிழ் வழக்கில் தேவாங்கு என்பது மெலிந்த தோற்றமுடையோரை எள்ளும் சொல்லாகவே பெரிதும் நிலைத்துவிட்டது. கன்னடத்தில் இவ்விலங்கு ‘காடு பாபா’, அதாவது காட்டுக்குழந்தை, எனப்படுகிறது. பின்னைய பெயரில் பரிவு மிகுதி எனினும், அதிலுள்ள ‘காடு’ இன்று முழுவதும் பொருந்துவதாக இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 84 இலட்சம் மக்கள் வாழ்ந்த பெங்களூரு மாநகரின் நடுவே, இந்திய அறிவியல் கழக வளாகம் போன்ற மரச்செறிவு மிக்க இடங்களிலும் தேவாங்குகள் வாழ்ந்து வருகின்றன.

மனிதனும் குரங்கும் அடங்கிய முதனிகள் வரிசையைச் சேர்ந்த இச்சிறு பாலூட்டி, ஏறத்தாழ கால் கிலோ எடையுடையது, வாலில்லாதது, இரவில் இயங்குவது. பூச்சிகளே இதன் முதன்மை உணவு. மரப்பிசினையும் உண்ணும். ஒரு பேற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளையே ஈனுவதால், இழந்த எண்ணிக்கையை விரைந்து ஈடுசெய்ய இயலாது.

நகர்ச்சூழலில் இதன் வாழ்வைத் தீர்மானிப்பது மற்றோர் இயல்பாகும். தேவாங்கு தாவுவதில்லை. ஒரு கிளையைக் கையாலும் காலாலும் பற்றியவாறே அடுத்த கிளையை எட்டிப் பிடித்து நகர்கிறது. குரங்கு ஒரே தாவலில் கடக்கும் இடைவெளி இதற்குக் கடக்கவியலாத எல்லையாகிவிடும். அவ்விடத்தில் இதற்கு எஞ்சுபவை இரண்டு வழிகளே. ஒன்று, தரையிறங்கி நாய்களுக்கும் ஊர்திகளுக்கும் இடையே ஊர்ந்து செல்வது. மற்றொன்று, மின்கம்பியைக் கிளையெனப் பற்றுவது. இரண்டும் உயிர்க்கேடாக முடியக்கூடியவை.

இந்நிலையில் சட்டங்கள் தரும் காப்பின் அளவு ஆராயத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தேவாங்கை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. பில்லிசூனிய நம்பிக்கையின் பெயரால் இவ்விலங்கைப் பிடிப்போரையும் விற்போரையும் தண்டிக்க அது உதவுகிறது. சாலையோர மரம் வெட்டப்படுவதோ 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. அச்சட்டத்தின்படி மர அலுவலரின் இசைவு வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் நடவும் வேண்டும். இங்குக் கணக்கின் அலகு மரம். தேவாங்குக்கோ அலகு, மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலான தொடர்பு. இரு தோப்புகளை இணைத்து நிற்கும் ஒற்றை மரத்தை வீழ்த்திவிட்டு, நகர்ப்புறத்தே நூறு கன்றுகளை நட்டாலும் ஏட்டுக்கணக்கு நேராகும். அறுந்த வழி அறுந்ததாகவே இருக்கும். மரத்தையே வெட்டாமல், மின்கம்பிக்காகக் கிளைகளை மட்டும் கழிப்பதும் இதே விளைவைத் தரலாம். அழகுக்கெனப் புதர்களையும் கொடிகளையும் அகற்றும் வளாகப் பராமரிப்பும் இவ்வகையில் கேடற்றதன்று.

தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. பரந்த வனப்பகுதி அங்கு இருந்தமையால் அது இயன்றது. கல்வி நிறுவனம், பூங்கா, தனியார் தோட்டம் எனச் சிதறிக் கிடக்கும் நகர வாழிடத்துக்கு அம்முறையை அப்படியே கொண்டுவர இயலாது. மரங்களை எண்ணுவதோடு கிளைத்தொடர்ச்சியையும் வரைபடமாக்கி, வெட்ட இசைவு வழங்குமுன் அதனை நோக்குவதே இங்குப் பொருந்தும் வழி. அறுந்த இடங்களைக் கயிறு, மூங்கில் முதலியவற்றால் இணைக்கலாம். சாவகத் தீவில் தேவாங்கின் உறவினமான மெதுதேவாங்குகள் இத்தகைய செயற்கைப் பாலங்களைப் பயன்படுத்தியுள்ளன. எனினும் கயிறு வழியாகுமேயன்றி, பூச்சிகளையும் பிசினையும் தராது.