உங்களுக்குத் தெரியுமா? ஐ.சி.யூ. வெளிச்சமும் திடீர்க் குழப்பமும்

● நேற்றுவரை தெளிவாகப் பேசியவர், ஐ.சி.யூ.வில் படுத்துக்கொண்டு “பஸ் போயிடுச்சா?” என்று கேட்பார், மூக்கிலுள்ள டியூப்பைப் பிடுங்கப் பார்ப்பார். இது பைத்தியமல்ல, டெலிரியம். நோயின் வேகத்தில் மூளை தடுமாறுகிறது. வென்டிலேட்டரில் இருப்பவர்களில் 10-க்கு 8 பேரிடம் வரை இதைக் கண்ட ஆய்வுகள் உண்டு.

● கத்தி ரகளை செய்பவர்கள் குறைவு. பலர் சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பார்கள். ‘நல்லாத் தூங்குறார்’ என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

● தொண்டையில் குழாய் இருப்பவர் பேச முடியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது? நர்ஸ் 10 ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ‘ஏ’ வரும்போது மட்டும் நோயாளி நர்ஸின் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால், கவனம் சிதறுகிறது என்று பொருள்.

● 1972-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சை முடிந்தவர்களை ஒப்பிட்டது. ஜன்னலே இல்லாத ஐ.சி.யூ.வில் 40 சதவீதம் பேருக்கு டெலிரியம். ஜன்னல் உள்ளதில் 18 சதவீதம்.

● காரணம் கண்ணுக்குள் இருக்கலாம். பார்ப்பதற்கென்று இல்லாமல், பொழுதை அறிவதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் இருப்பது 2002-இல் உறுதியானது. நீலச்சாயல் வெளிச்சம் பட்டால் அவை மூளைக்குப் ‘பகல்’ என்று தகவல் அனுப்பும். தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பு அடங்கும். வெட்டவெளி உச்சிவெயில் 1,00,000 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தொடும். வார்டுக்குள் சில நூறு லக்ஸ்தான். இரவிலோ பல இடங்களில் விளக்கை அணைப்பதில்லை. பாவம், அந்தச் செல்கள் என்னதான் செய்யும்!

● அப்படியானால் பகலில் பிரகாசமான விளக்கு போட்டால் போதுமே? நெதர்லாந்தில் 734 நோயாளிகளிடம் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பகலில் 1,700 லக்ஸ் வரை ஏறி இறங்கும் விளக்குகள். முடிவு 2016-இல் வெளிவந்தது: விசேஷ விளக்கில் 38 சதவீதம் பேருக்கு டெலிரியம், சாதாரண விளக்கில் 33. பலனில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிகள் விளக்கு வாங்கிக் குவிக்கும் முன்பே யாரோ சோதித்தது நல்லதாயிற்று. 2018-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை. இரவுத் தூக்கம், பகலில் எழுப்பி உட்காரவைத்தல், தேதியும் இடமும் நினைவூட்டுதல் என எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யுங்கள் என்கிறது.

● உங்கள் வீட்டார் ஐ.சி.யூ.வில் இருந்தால் அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காமல் நர்ஸிடம் கொடுங்கள். பார்க்க விடும்போது இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லுங்கள். பேச்சு மாறியிருந்தாலும், வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருந்தாலும், உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.